நாலாவது திறமை: பி.பி.ஏ. படிக்கும் ஒரு தம்பிக்குப் பதில்

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வந்து பி.பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார்: "அண்ணாச்சி, உன் தனித்திறமையால் உன் ஊருக்கு என்ன செய்வாய் என்று கல்லூரியில் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா வில்லுப்பாட்டில் வில்லடிப்பார், நான் கூட உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுவேன். கையெழுத்து நன்றாக இருக்கும், இரண்டு கடைகளுக்குப் போர்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போனில் வீடியோ எடுத்து எடிட் பண்ணத் தெரியும். ஆனால் ரத்த தானம், மரம் நடுவது தவிர எதுவும் தோன்றவில்லை. நான் படிக்கிற படிப்புக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்? அம்மா பீடி சுற்றுகிறார்கள், மகளிர் குழுவிலும் இருக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?"

தம்பி, மூன்று திறமைகளை எழுதியிருக்கிறீர்கள். நாலாவதை விட்டுவிட்டீர்கள். வரவு எது, செலவு எது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒரு தாளைப் பார்த்துச் சொல்ல உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் அது தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பரீட்சைக்குப் படித்ததால் அது உங்களுக்குத் திறமையாகத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கி வேலையில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் தாமிரபரணிக் கரை ஊர்களில் குழுக்கடன் பார்க்கிற வேலை. ரத்தமும் மரமும் நல்ல காரியங்கள்தான், செய்யுங்கள். ஆனால் ஊருக்கு உங்களால் மட்டும் செய்ய முடிவது கணக்கு. பாட்டும் எழுத்தும் வீடியோவும் அந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுபோகிற வழிகள்.

படிப்புக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றா கேட்கிறீர்கள்? பழைய திருநெல்வேலி ஜில்லாவின் பெரிய போராட்டமே ஒரு கம்பெனியாகத்தான் வந்தது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது முதலீடு பத்து லட்சம் ரூபாய் என்று வைத்து, அதைப் பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகளாகப் பிரித்தார். ஒரே பெரிய மனிதரிடம் கை நீட்டாமல் பல பேரைச் சொந்தக்காரர்களாக ஆக்குகிற வழி அது. நீங்கள் வகுப்பில் படிக்கிற பங்கு முதல்தான், வேறில்லை.

இன்னொன்று, நம் பக்கத்திலேயே இருப்பது. தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கியது. 1992இல் அவரோடு வந்து சேர்ந்தவர் எஸ். சங்கர ராமன். அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்; தொழிலால் ஆடிட்டர். ஒரு சேவை அமைப்பு நாலு பேரின் நல்ல மனதோடு தொடங்கிவிடலாம். பல பத்து வருஷம் நிலைத்து நிற்க வேண்டுமானால் வந்த பணம் எங்கே போனது என்று யார் கேட்டாலும் காட்டக் கூடிய கணக்கு வேண்டும். முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம்.

அம்மா இருக்கிற குழுதான் உங்களுக்கு வாசல். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரவியவை. 1992இலிருந்து குழுக்களை வங்கியோடு இணைத்துக் கடன் கொடுக்கிற முறை வந்தது. பத்திலிருந்து இருபது பேர். ஒழுங்காகக் கூட்டம், ஒழுங்காகச் சேமிப்பு, உள்கடன் (குழுவின் பணத்திலிருந்தே உறுப்பினருக்குக் கொடுக்கிற கடன்), தவணை தவறாத வசூல், சரியான பதிவேடு என்று ஐந்து விதிகள். முதல் நாலையும் நம் ஊர்ப் பெண்கள் உயிரைக் கொடுத்துச் செய்வார்கள். மழையிலும் கூட்டத்துக்கு வருவார்கள், கம்மலை அடகு வைத்தாவது தவணை கட்டுவார்கள். ஐந்தாவதில்தான் குழுக்கள் உடைகின்றன. நான் பார்த்த அளவில், உடைந்த குழுக்களில் பெரும்பாலானவற்றில் யாரும் பணத்தை எடுக்கவில்லை. எழுத வேண்டியதை எழுதாமல் விட்டிருந்தார்கள்.

ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். பதினைந்து பேர். ஊக்குநராக, அதாவது குழுவை நடத்துகிறவராக இருந்த அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், குழு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் பொறுப்பு. ஒரு நாள் கணக்குப் பார்த்தபோது, உறுப்பினர்களிடம் வசூலித்த தவணைக்கும் குழுவின் சேமிப்புக் கணக்கு பாஸ்புக்கில் ஏறியிருந்த பணத்துக்கும் 11,400 ரூபாய் வித்தியாசம் வந்தது. அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அது "அவ தின்னுட்டா" என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. அந்த அம்மா தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க வருவதையே நிறுத்தினார். ராத்திரி பத்து மணிக்கு மேல், யாரும் இல்லாத நேரத்தில் குடத்தோடு வருவார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று மாதம் குழு கூடவில்லை.

அந்தக் குழுவில் இன்னொரு அம்மாவின் மகன் பி.காம். படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் எல்லா நோட்டுகளையும் கொடுத்தார்கள். அவன் நாலு சாயங்காலம் உட்கார்ந்து மாதம் மாதமாக எழுதிப் பார்த்தான். வித்தியாசம் சிறுகச் சிறுக வரவில்லை, தொடர்ந்து மூன்று மாதங்களில் மட்டும் மாதத்துக்கு 3,800 ரூபாய் வீதம் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தான். அந்த மூன்று மாதம் என்ன நடந்தது என்று கேட்டான். ஊக்குநர் அம்மாவின் மகளுக்குப் பிரசவம். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வேறொரு உறுப்பினர் வங்கிக்குப் போய்ப் பணம் கட்டியிருக்கிறார். அவர் சேமிப்புக் கணக்கில் கட்டாமல் நேராகக் கடன் கணக்கில் கட்டிவிட்டார். சேமிப்புக் கணக்கு பாஸ்புக்கைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கடன் கணக்கின் விவரத்தாளை (ஸ்டேட்மென்ட்) ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. அந்தப் பையன் கிளைக்கு வந்து அதைக் கேட்டான். அச்சடித்துக் கையில் கொடுத்தேன். 11,400 ரூபாயும் அதில் இருந்தது. அந்தக் கேள்வியை மூன்று மாதமாக நானும் கேட்டிருக்கவில்லை, அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் கோயில் திண்ணையில் குழுவைக் கூட்டி, அவன் எழுந்து நின்று ஒவ்வொரு மாதமாக வாசித்தான். மூன்றாவது மாதம் வாசிக்கும்போது அந்த அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மற்றவர்களும் அழுதார்கள். அந்தக் குழு அதற்கப்புறம் பல வருஷம் நடந்தது.

தம்பி, அந்தப் பையன் செய்ததைத் தணிக்கை என்று உங்கள் பாடப்புத்தகம் சொல்லும். ஒரு மனுஷியின் மானத்தை அவன் திருப்பிக் கொடுத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதேதான், பிரச்சினை வருவதற்கு முன்னால். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோடு போங்கள். முதல் இரண்டு கூட்டங்களில் எதுவும் சொல்லாதீர்கள், பார்த்துக்கொண்டிருங்கள். மூன்றாவது கூட்டத்தில், எல்லோருக்கும் சம்மதம் என்றால், தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு–கடன் பேரேடு, உறுப்பினர் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்குச் சரிபாருங்கள். வங்கியில் சேமிப்பு, கடன் என்று இரண்டு கணக்குக்கும் விவரத்தாள் வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமானது: சத்தமாக வாசியுங்கள். கோயில் கொடைத் திருவிழாவில் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பாடிய குரல் உங்களுடையது. "இந்த மாசம் உள்ளே வந்தது இவ்வளவு, வெளியே போனது இவ்வளவு, பெட்டியில் இருப்பது இவ்வளவு" என்று ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் வாசித்துக் காட்டினால், படிக்கத் தெரியாதவரும் கணக்குப் பார்த்தவர் ஆகிறார். யாராவது ஒருவர் "அது எப்படி?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்த நாள்தான் நல்ல நாள்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக நோட்டை நீங்களே எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். நீங்கள் வேலைக்குச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போன பிறகு அந்த நோட்டு அனாதையாகிவிடும். குழுவில் யார் வீட்டிலாவது பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கும். அவளை எழுதச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஆறு மாதத்தில் நீங்கள் இல்லாமல் அவர்களே எழுத வேண்டும்.

இரண்டாவது விஷயம் வட்டி. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்து இறந்தார். அப்போது நீங்கள் சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். அதீத வட்டி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும், தான் எவ்வளவு வட்டி கொடுக்கிறோம் என்பது கடன் வாங்குகிறவருக்கே தெரியாமல் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள்.

நாள் வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய் கடன் என்பார்கள். கையில் கொடுக்கும்போதே 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூத்துக்குப் பதினைஞ்சு ரூபாதானே" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அசல் தினமும் கரைந்துகொண்டே வருகிறது. முதல் நாள் கையில் 8,500 இருந்தது, ஐம்பதாவது நாள் அதில் ஏறத்தாழப் பாதிதான் உங்களிடம் கடனாக நிற்கிறது. சரியாகப் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 120 சதவீதம் வருகிறது. பூக்கடை வைத்திருக்கிறவருக்கும் இட்லிக்கடை அக்காவுக்கும் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். காகிதத்தில் நாள் நாளாக எழுதிக் காட்டினால் நம்புவார்கள்.

இன்னொரு வகை, வீட்டு வாசலுக்கே வந்து கூட்டம் போட்டுக் கொடுக்கிற கடன். 30,000 ரூபாய், ஒரு வருஷம், "வட்டி வெறும் 12 சதவீதம்" என்று யாராவது சொன்னால், நிலையான வட்டியா, குறைகிற அசலுக்கு வட்டியா என்று முதலில் கேளுங்கள். நிலையான வட்டி என்றால் 3,600 ரூபாய் சேர்த்து மாதம் 2,800 கட்டச் சொல்வார்கள். கடைசி மாதம் கிட்டத்தட்ட ஒரு தவணை அளவுக்குத்தான் அசல் பாக்கி நிற்கும், ஆனால் அந்த மாதமும் முப்பதாயிரத்துக்கான வட்டி 300 ரூபாயைக் கட்டுவீர்கள். உண்மையான வட்டி சுமார் 21.5 சதவீதம். எக்செல்லில் ரேட் சூத்திரத்தில் 12, மைனஸ் 2800, 30000 என்று போட்டு வருகிற மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கினால் உங்களுக்கே வரும். கடனே வாங்காதீர்கள் என்று யாருக்கும் உபதேசம் செய்ய வேண்டாம். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் நாளைக்குக் கடைசித் தேதி என்றால் மனிதர் என்ன செய்வார்? இரண்டு கடனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று காட்டுங்கள், அது போதும். குழுவின் உள்கடன் அநேகமாக எல்லாவற்றையும் விட மலிவாக இருக்கும். அதனால்தான் குழு உடையக் கூடாது என்று முதலில் அவ்வளவு தூரம் சொன்னேன்.

இதைச் சொல்ல உங்கள் தாத்தாவின் வில்லை விட நல்ல கருவி எனக்குத் தோன்றவில்லை. வில்லும் குடமும் உடுக்கையும் உள்ள அந்தக் கலை சுடலைமாடன் கதையையும் முத்தாரம்மன் கதையையும் மட்டும் சொன்னதில்லை. நம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா வாழ்நாள் முழுக்க அதில் சமூகச் செய்திகளைச் சொன்னார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுகிற இடம் இருக்கிறதே, கணக்கு சொல்ல அது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

"பத்தாயிரம் கடன்னு எழுதினாரு" – ஆமா.
"பத்திரத்துல கைநாட்டும் வச்சாச்சு" – ஆமா.
"கையில வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு" – ஆமா.
"மீதி ஆயிரத்து ஐந்நூறு எங்க போச்சு மக்கா?"

அங்கே "ஆமா" வராது. கேட்கிறவர்களே பதில் சொல்வார்கள். நான் பாட்டுக்காரன் இல்லை, சும்மா ஒரு மாதிரிக்கு எழுதினேன். தாத்தா இதைவிட நூறு மடங்கு நன்றாகக் கட்டுவார். ஆனால் கொடையின் நடுவில் இதைச் சொருக வேண்டாம், அது சாமி காரியம். மகளிர் தினம், ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பின் கூட்டம், உங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் மாதிரி இடங்களில் இருபது நிமிஷம் போதும். தாத்தாவிடம் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். அதை வீடியோ எடுத்து வைத்தால், கூட்டத்துக்கு வராத வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் போகும். உங்கள் மூன்றாவது திறமைக்கும் வேலை வந்துவிட்டது.

பத்தமடை உங்களுக்குப் பக்கம்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு பாய் நெய்கிற வீட்டில் உட்காருங்கள். கோரையைப் பச்சையாக வெட்டி, காயவைத்து, கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறிக்கு வரும். புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆனால் நெய்கிறவரிடம் "என்ன அடக்கம் ஆச்சு?" என்று கேட்டால் கோரை, நூல், சாயம் மூன்றையும்தான் சொல்வார். சும்மா ஒரு கணக்குக்கு, அந்த மூன்றும் 350 ரூபாய், பாய் 600 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 250 ரூபாய் லாபம் என்று அவர் நினைப்பார். கீறியது, ஊறவைத்தது, காயவைத்தது, சாயம் போட்டது, இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தது எல்லாம் சேர்த்து நாலு ஆள்வேலை ஆகியிருந்தால் ஓர் ஆளின் ஒரு நாளைக்கு 62 ரூபாய் 50 காசு. லாபம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை, கூலியே கிடைக்கவில்லை. காருக்குறிச்சி மண்பானைக்கும் கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கும் இதே மாதிரி அடக்கவிலைத் தாள் போட்டுக் கொடுக்கலாம். அடக்கத்தில் தன் உழைப்பையும் சேர்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு வியாபாரியிடம் பேசுகிற குரலே மாறும், நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் போர்டு எழுதுகிற கையால் ஒரு விலைப்பட்டியலும், 'இந்தப் பாய் எத்தனை நாளில் நெய்தது' என்று ஒரு சிறிய அட்டையும் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் அதைப் படிப்பார்கள்.

இனி, அம்மாவோடு பீடி சுற்றுகிறவர்களின் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. இது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் பல வருஷ உழைப்பின் பணம் அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நம் ஊரில் ஒரே பெண் ரேஷன் கார்டில் இசக்கியம்மாள், ஆதாரில் எசக்கியம்மாள், கம்பெனிப் பதிவில் எசக்கி. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின்னால் கணவரின் இனிஷியல். பிறந்த தேதி தெரியாததால் யாரோ போட்ட ஜனவரி ஒன்று. வேலையை விட்டு பணம் எடுக்கப் போகிறபோதுதான் இது தெரியவரும், அப்போது திருத்த அலைச்சல் அதிகம். வேலையில் இருக்கும்போதே எந்த ஆவணத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தால், எதைத் திருத்த வேண்டும் என்று அவர்களே கேட்டு வாங்குவார்கள். பத்து வீட்டுக்கு இதைச் செய்ய உங்களுக்கு இரண்டு சனிக்கிழமை ஆகும்.

பாஸ்புக்கைப் பார்க்கும்போது 436, 20 என்று இரண்டு எண்கள் வருகிறதா என்றும் பாருங்கள். 436 ரூபாய் என்பது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருஷத்துக்கு ஒருமுறை பிடிப்பது. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய். 20 ரூபாய் என்பது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். பணம் பிடிப்பதே தெரியாமல் இருக்கிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், ஆள் இறந்த பிறகும் அப்படி ஒரு காப்பீடு இருந்தது வீட்டுக்குத் தெரியாமலே போவது. உங்கள் தெருவில் சமீபத்தில் யாராவது இறந்திருந்தால், காரியம் எல்லாம் முடிந்த பிறகு, பக்குவமாக அந்த வீட்டு பாஸ்புக்கை ஒரு முறை பாருங்கள். தாமதிக்க வேண்டாம், விண்ணப்பத்தைச் சீக்கிரம் கொடுப்பது நல்லது.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18இல் ஆறு ஊருக்குள் வந்ததே, அப்போது எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரருக்கு அரிசியும் பருப்பும் போனதைவிடப் பெரிய நஷ்டம் பற்று நோட்டு போனது. யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது முழுக்க அதில்தான் இருந்தது. நல்ல மனிதர்கள் தாங்களாக வந்து சொல்லிக் கொடுத்தார்கள். மறந்தவர்களும் இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் வீட்டிலும் வெள்ளம். வாரம் ஒருமுறை நோட்டின் பக்கங்களைப் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைக்கச் சொல்லிக் கொடுங்கள். குழு நோட்டுக்கும் இதே மாதிரி.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். பணத்தைக் கையால் தொடாதீர்கள், "தம்பி, பேங்க்ல கட்டிட்டு வந்துரு" என்று யார் சொன்னாலும் சரி. ஓ.டி.பி. கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். யாருடைய ஆதாரையும் உங்கள் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வீட்டுக் கடன் இன்னொரு வீட்டுக்குத் தெரியக் கூடாது, அம்மாவிடம் கூட. வட்டிக்கு விடுகிறவரிடம் நீங்கள் போய்ப் பேச வேண்டாம். மிரட்டல் இருந்தால் பாதிக்கப்பட்டவரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள், இலவச உதவி கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

அப்புறம் ஒன்று, இதை நான் சொல்லாமல் விடக் கூடாது. நம் பக்கத்தில் தெரு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் சொந்தத் தெருவில் மட்டும் செய்துவிட்டு ஊருக்குச் செய்தேன் என்று எழுதாதீர்கள். அம்மாவின் குழுவில் நாலு மாதம் பழகிய பிறகு, ஊராட்சிக் கூட்டமைப்பின் மூலமாக வேறொரு தெருவில் இருக்கிற குழுவுக்குப் போங்கள். அங்கே வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது முகம் சுளித்தாலும் அடுத்த வாரமும் போங்கள். முதல் தடவை அவர்கள் நோட்டைத் தர மாட்டார்கள், தரவும் வேண்டாம். மூன்றாவது தடவை தருவார்கள்.

கல்லூரிக்கு எழுத வேண்டியதைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய திட்டம் எதுவும் எழுத வேண்டாம். ஒரு குழு, ஆறு மாதம், நாலு நோட்டு என்று எழுதுங்கள். தொடங்கும்போது எத்தனை பேருக்குத் தங்கள் கடன் பாக்கி தெரிந்திருந்தது, முடிக்கும்போது எத்தனை பேருக்குத் தெரிந்தது என்று கேட்டுக் குறித்துவையுங்கள், பெயர்கள் இல்லாமல். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தால் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை காட்ட வேண்டுமே, திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு இந்தச் சாயங்காலங்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை மாதத்தில் போகாதீர்கள், குழுவில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சொல்லாமல் நின்றால்தான் வருத்தப்படுவார்கள்.

இன்று ராத்திரி அம்மா பீடி சுற்றுகிற சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, குழுக்கூட்டம் எந்தக் கிழமை என்று கேளுங்கள். இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று, நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கப் புத்தகத்துக்கும் பாஸ்புக்குக்கும் எங்கேயாவது இடித்தால், யார் மேலும் சந்தேகப்படுவதற்கு முன் கடன் கணக்கின் விவரத்தாளை வாங்கிப் பாருங்கள். அப்படியும் புரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், ஒரு நாள் நானே பஸ் ஏறி வருகிறேன்.